தெரியாத பாடம், தெரியாத நாடு: வெளிநாட்டுக் கல்லூரியில் அறிமுக வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நாட்டில் படித்துவிட்டு வேறு நாட்டுக் கல்லூரிக்கு வேலைக்குப் போகும் பலருக்கு, தன் துறையில் இல்லாத ஓர் அறிமுகப் பாடத்தை எடுக்க வேண்டிய நிலை வருகிறது. இயற்பியல் படித்தவர் புள்ளியியல் எடுக்கிறார், இலக்கியம் படித்தவர் ஊடகவியல் எடுக்கிறார், பொருளாதாரம் படித்தவருக்கு அரசியல் அறிவியல் வந்து சேர்கிறது. நான் இயற்பியலிலிருந்து புள்ளியியலுக்குப் போனவன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். மற்ற துறைகளுக்கும் வழி ஏறக்குறைய இதுதான்.

என் துறையே இல்லாத பாடத்தை எடுக்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

அறிமுகப் பாடம் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம். மேல்நிலைப் பாடம் என்றால் யோசியுங்கள். முதலாண்டுப் பாடம் என்பது பலர் பல காலம் எடுத்துப் பண்பட்ட பாதை. நல்ல பாடநூல்கள் இருக்கின்றன, பயிற்சிக் கணக்குகள் இருக்கின்றன, மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பயிற்சி பெற்ற ஒருவர் அதை முறையாகக் கற்று எடுக்க முடியும்.

ஒப்புக்கொள்ளும் முன் துறைத் தலைவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இதை முடித்தவர்கள் அடுத்து எந்தப் பாடத்துக்குப் போவார்கள்? சென்ற முறை இதை எடுத்தவர் இன்னும் இங்கே இருக்கிறாரா? இரண்டாவதற்கு "இருக்கிறார்" என்று பதில் வந்தால் பாதிச் சுமை குறைந்த மாதிரி. அப்புறம், உங்கள் பணி அனுமதியையும் பாருங்கள். அமெரிக்காவின் ஹெச்-1பி போன்ற விசா, உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்தோடு கட்டுண்டது. பக்கத்துக் கல்லூரியில் கூடுதலாக ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அலுவலகத்தைக் கேட்காமல் சரி என்று சொல்ல வேண்டாம்.

எனக்கே புதிதாக இருப்பதை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

1818-இல், நாட்டைவிட்டு வெளியேறிய ழோசஃப் ழாக்கோத்தோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்கள் பேசிய பிளெமிஷ் அவருக்குத் தெரியாது. அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு மொழியிலும் அச்சான ஒரு கதை நூலை அவர்களிடம் கொடுத்து, ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கடைசியில் அவர்கள் படித்ததைப் பற்றிப் பிரெஞ்சிலேயே எழுதினார்கள், அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாக.

ஆசிரியருக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே வேலை செய்தது சரியான நூலும், மாணவர்களின் உழைப்பும், அந்த உழைப்பு தளராமல் பார்த்துக்கொண்ட ஓர் ஆசிரியரும்தான். புதிய பாடம் எடுப்பவருக்கு இந்த மூன்றும் எட்டக்கூடியவை. முதலில் நூலைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழியுங்கள்.

புதியவருக்கு ஒரு பலமும் இருக்கிறது. நீண்ட காலம் ஒரு துறையில் இருப்பவருக்கு இடையில் உள்ள படிகள் கண்ணில் படுவதில்லை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கணிதம் அதிகம் படித்த ஆசிரியர் பயிற்சி மாணவர்கள், சமன்பாடாகக் கொடுத்த கணக்குதான் தொடக்க நிலை மாணவருக்கு எளிது, சொற்களில் கொடுத்தது கடினம் என்று கணித்தார்கள். மாணவர்களிடம் நிலைமை நேர்மாறாக இருந்தது. அந்தப் படிகளை நீங்கள் சென்ற மாதம்தான் ஏறியிருக்கிறீர்கள். எங்கே மூச்சு வாங்கியது என்பது நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

பாடம் புதிது, நாடும் புதிது. எது அதிகம் படுத்தும்?

நாடுதான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வகுப்பு அமைதியாக இருந்தால் "எனக்குப் பாடம் போதவில்லை" என்று இரவெல்லாம் பாடநூல் படிக்கிறார்கள். மதிப்பெண் பற்றிப் புகார் வந்தாலும் அதே முடிவுக்குத்தான் வருகிறார்கள். உண்மையில் அந்த அமைதிக்கும் புகாருக்கும் காரணம் அந்த ஊர் வகுப்பறையின் எழுதப்படாத வழக்கங்களாக இருக்கும். பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படித்துவிடலாம். வழக்கங்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை, ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 10 மணி என்று போட்ட வகுப்பு பல இடங்களில் 10.15-க்குத்தான் தொடங்கும். அட்டவணையில் அதற்கென்று ஒரு சுருக்கக் குறி இருக்கும். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் மேசையைத் தட்டுவார்கள். அது பாராட்டு. தெரியாதவருக்கு இரண்டுமே அவமதிப்பாகத் தோன்றும். ஆகவே முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று சக ஆசிரியர்களின் வகுப்புகளில், அனுமதி வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். எந்தத் துறை வகுப்பானாலும் பரவாயில்லை.

ஒரு மாதம்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இறுதித் தேர்விலிருந்து. சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை வாங்கி, பாடநூலைத் திறக்கும் முன் நீங்களே எழுதிப் பாருங்கள். எங்கே தடைப்படுகிறீர்களோ அங்கே படிக்கத் தொடங்குங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படித்தால், நன்றாகத் தெரிந்த பகுதிகளில் நேரம் கரைந்துவிடும். கடைசி அத்தியாயங்கள் செமஸ்டரின் களைத்த வாரங்களில் வந்து நெருக்கும்.

அடுத்தது, இதைத் தொடர்ந்து வரும் பாடத்தை எடுப்பவரிடம் ஒரு கேள்வி: "என் மாணவர்கள் உங்களிடம் வரும்போது எதைத் தெரிந்திருந்தால் போதும்?" இதற்கு வரும் பதில் எப்போதும் பாடத்திட்டத்தைவிடச் சிறியதாக இருக்கும். நான் கேட்டபோது, வரைபடத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால் போதும், மாதிரிக்கும் முழுமைக்கும் வேறுபாடு புரிந்தால் போதும் என்றார்கள். அந்த இரண்டையும் மையமாக வைத்துத்தான் மொத்தப் பாடத்தையும் அடுக்கினேன்.

பாடநூலுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ், பல அறிமுகப் பாடங்களுக்கு இலவச நூல்களை வெளியிடுகிறது. 2001-இல் அறிவிக்கப்பட்ட எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் பாடத்திட்டங்களும் வீட்டுக்கணக்குகளும் தேர்வுகளும் கிடைக்கும். ஒன்றை மட்டும் முதன்மை நூலாக வையுங்கள். மாணவர்கள் வைத்திருக்காத இரண்டாவது நூல் ஒன்று உங்கள் மேசையில் இருக்கட்டும். ஒரே விஷயத்தை இருவர் எப்படி வேறுவேறாக விளக்குகிறார்கள் என்று பார்க்கும்போதுதான் புரிதல் கெட்டிப்படும்.

கொடுக்கப் போகும் வீட்டுக்கணக்கு ஒவ்வொன்றையும் விடைக்குறிப்பைப் பார்க்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். இதில் சலுகையே வேண்டாம்.

எவ்வளவு பாடம், எவ்வளவு வீட்டுவேலை வைப்பது?

அந்த நாட்டின் கிரெடிட் கணக்கு இதற்கு விடை சொல்லும். அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால், சுமார் 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி வகுப்பும் வெளியே குறைந்தது இரண்டு மணி உழைப்பும். 3 கிரெடிட் பாடத்துக்கு மாணவர் வாரம் ஒன்பது மணி ஒதுக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி உழைப்பு. 5 கிரெடிட் பாடம் என்றால் வகுப்பு, படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 125 முதல் 150 மணி. இதை வாரங்களால் வகுத்துவிட்டு, அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

பாடத்தின் அளவைப் பொறுத்தவரை, குறையுங்கள். புதிய ஆசிரியர்கள் பாடம் தீர்ந்துபோய் வகுப்பில் வெறுமனே நிற்க நேருமோ என்ற பயத்தில் அளவுக்கு மேல் தயாரிப்பார்கள், பிறகு ஓட்டமாக ஓடுவார்கள். ஐந்து கருத்துகளை ஆழமாகச் சொல்வது பத்தைத் தொட்டுவிட்டுப் போவதைவிட மேல். நீங்களே அப்போதுதான் கற்ற ஒன்றை வேகமாகச் சொன்னால் தவறுகளும் அந்த வேகத்தில்தான் வரும்.

"இது என் துறை இல்லை" என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

சொல்லலாம், ஒரே ஒரு முறை, முதல் வகுப்பில், மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லாமல். "நான் இயற்பியலில் பயின்றவன். தரவுகளோடு வேலை செய்தே புள்ளியியலுக்கு வந்தேன்" என்பது போதும். ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொன்னால், தாங்கள் ஏமாற்றப்பட்டதாக மாணவர்கள் நினைக்கத் தொடங்குவார்கள். மறைக்கவும் வேண்டாம். கல்லூரி இணையப் பக்கத்தில் உங்கள் படிப்பு விவரம் இருக்கும், அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

விடை தெரியாத கேள்வி வந்தால்?

"இப்போது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை, அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்று சொல்லிப் பலகையின் ஓரத்தில் கேள்வியை எழுதுங்கள். அடுத்த வகுப்பைத் தொடங்கும்போது முதல் வேலையாக அதற்குப் பதில் சொல்லுங்கள். இந்தத் திரும்பி வருதல்தான் நம்பிக்கையை உண்டாக்கும்.

சில கேள்விகள் எல்லா வகுப்பிலும் வரும். அவற்றுக்கு முன்பே தயாராகலாம். புள்ளியியலில் அப்படி ஒன்று: எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கணக்கிடும்போது மாதிரியின் எண்ணிக்கையால் வகுக்காமல், அதில் ஒன்றைக் கழித்து வகுப்பது ஏன்? "வாய்பாடு அப்படி" என்பது பதில் இல்லை. விலகல்களை மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கிறோம். அந்தச் சராசரி அதே எண்களின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், உண்மையான சராசரியிலிருந்து அளந்தால் வருவதைவிட வர்க்கங்களின் கூடுதல் சிறியதாகவே வரும். சற்றுச் சிறிய எண்ணால் வகுப்பது அந்தக் குறையை ஈடுசெய்கிறது. உங்கள் பாடத்தில் இப்படிப்பட்ட "ஏன்" கேள்விகள் எவை என்று முன்பு எடுத்தவரிடம் கேட்டு, ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தவறாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தில் இருக்கிறது. தெரியாது என்று நமக்கே தெரிந்ததைப் படித்துவிடுவோம். ஆபத்து, தெரியும் என்று நினைத்திருப்பதில்தான். நம் சொந்தத் துறையில் ஒரு கருத்தைத் தளர்வாகப் பயன்படுத்திப் பழகியிருப்போம். அதே தளர்வோடு புதிய பாடத்துக்குள் கொண்டுவந்துவிடுவோம்.

95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது உண்மை மதிப்பை மதிப்பிட ஒரு மாதிரியிலிருந்து கட்டும் எண் எல்லை. "உண்மை மதிப்பு இந்த இடைவெளிக்குள் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு" என்றே அறிவியல் துறைகளில் பலரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். பெரும்பாலான அறிமுகப் பாடங்கள் பின்பற்றும் முறையில் அது பிழை. புதிது புதிதாக மாதிரி எடுத்து இதே முறையில் இடைவெளி கட்டிக்கொண்டே போனால், நீண்ட ஓட்டத்தில் 95 விழுக்காடு இடைவெளிகள் உண்மை மதிப்பை உள்ளடக்கும் என்பதுதான் சரியான விளக்கம். பிழையான வரியைத் தேர்வில் "சரியா தவறா" கேள்வியாகவே கேட்பார்கள். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாகத் தோன்றும் வரையறைகளைத்தான் பாடநூலோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு பாதுகாப்பு: அந்தத் துறையில் ஒருவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை அரைமணி நேரம், அடுத்த வாரம் சொல்லப் போவதை அவரிடம் சொல்லிக் காட்டுங்கள். மனமிருப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

வகுப்பில் யாருமே வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

முதலில் காத்திருங்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுபவர்களும் கூடினார்கள். அவர் பார்த்தவை பள்ளி வகுப்புகள். கல்லூரியிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். வேற்று மொழியில் பாடம் கேட்கும் மாணவர்கள் இருந்தால் பத்து விநாடிகூடத் தேவைப்படும்.

அடுத்து, எல்லோர் முன்னிலையிலும் பேச வைப்பதை விடுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இங்கே மிகவும் உதவும். ஒரு கருத்துக் கேள்வியைத் திரையில் போடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம் செய்யட்டும். மறுபடி தேர்ந்தெடுக்கட்டும். அதன்பின் நீங்கள் விளக்குங்கள். ஆசிரியருக்கு எதிரில் பேசத் தயங்கும் மாணவர்கூட நண்பரிடம் பேசுவார். நடுவில் நீங்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, அவர்கள் எப்படித் தவறாக யோசிக்கிறார்கள் என்று காதால் கேட்கலாம். புதிய பாடம் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

மாணவர்களைச் செய்ய வைக்கும் முறைகளுக்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த கட்டுரை, விரிவுரை மட்டுமே கேட்டவர்கள் தேர்வில் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்று காட்டியது.

என் உதாரணங்கள் அவர்களுக்குப் புரியவில்லை.

கிரிக்கெட் ஆடாத நாட்டில் பந்துவீச்சுச் சராசரியை வைத்து நிகழ்தகவு சொன்னால், மாணவர் இரண்டு புதிய விஷயங்களை ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கும். அந்த ஊர் விளையாட்டை நீங்கள் அரைகுறையாகப் பயன்படுத்தினாலும் சரிவராது. பண்பாட்டு அறிவு தேவைப்படாத உதாரணங்களைத் தேடுங்கள். 1973-இல் பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுப்புகளுக்கு ஏறக்குறைய ஒரே சராசரி, ஒரே திட்ட விலக்கம், இரண்டு அளவுகளுக்கு இடையில் ஒரே ஒட்டுறவு. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். இது எந்த நாட்டு வகுப்பிலும் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அதே 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புச் சேர்க்கையும் நல்ல உதாரணம். மொத்தமாகப் பார்த்தால் ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். மாணவர்கள் விவாதிக்கத் தனியாகத் தூண்ட வேண்டியதே இல்லை.

எண்களை எழுதும் முறையையும் கவனியுங்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். நீங்கள் 1,250 என்று எழுதினால், ஒன்றேகால் என்று படிப்பார்கள். ஜெர்மன் மொழியில் பில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி, நூறு கோடி அல்ல. 03/04 என்ற தேதி அமெரிக்காவில் மார்ச் 4, பல நாடுகளில் ஏப்ரல் 3. தேர்வுத் தேதிகளில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

உங்கள் ஊர்க் கணக்கை முழுவதுமாக மறந்துவிட்டுத் தொடங்குங்கள். பிரிட்டனில் 70 என்பது முதல் வகுப்பு, இளநிலையில் பொதுவாக 40 தேர்ச்சி. அமெரிக்க மாணவருக்கு அதே 70 வாங்கினால் முகம் வாடிவிடும், 90-க்கு மேல்தான் அவர் தேடும் முதல் தரம். பிரான்சில் 20-க்குப் போடுவார்கள், 10 தேர்ச்சி. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 விளிம்புத் தேர்ச்சி. அமெரிக்காவில் எல்லாப் பாடங்களுக்குமான சராசரித் தரப்புள்ளியிலோ 4.0 தான் உச்சம்.

சென்ற ஆண்டு திருத்திய விடைத்தாள்களில் மேல், நடு, கீழ் என்று சிலவற்றைக் கேட்டு வாங்கி, பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்து நீங்கள் திருத்திப் பாருங்கள். பிறகு ஒப்பிடுங்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையும் இந்த ஒரு மாலை நேரத்துக்கு ஈடாகாது. திருத்தும் அளவுகோலை எழுத்தில் வைத்து, தேர்வுக்கு முன்பே மாணவர்களிடம் கொடுங்கள்.

என் உச்சரிப்பு பற்றிக் கவலையாக இருக்கிறது.

மெதுவாகப் பேசுங்கள், முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதுங்கள், குறிப்புகளை முன்கூட்டியே அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் காது பழகிவிடும்.

மாணவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மரியாதைக் குறைவா?

பல நாடுகளில் இல்லை. சில நாடுகளில் பட்டத்தோடுதான் அழைப்பார்கள். உங்களை எப்படி அழைக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

சட்டம் சார்ந்து என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மாணவரின் தகவல் பற்றிய விதிகளை. மகனின் மதிப்பெண் என்ன என்று பெற்றோர் மின்னஞ்சல் அனுப்பினால் உடனே பதில் எழுதத்தான் கை போகும். அமெரிக்காவில் 1974-இன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரி மாணவரின் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. சில விதிவிலக்குகள் தவிர, அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பெற்றோருக்குக்கூட மதிப்பெண்ணைத் தரக் கூடாது. பெயரோடு கதவில் ஒட்டுவதும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் விதிகளும் தனிப்பட்ட தகவல்களைக் கட்டுப்படுத்துகின்றன.

மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கூடுதல் தேர்வு நேரம் தரச் சொல்லி அதற்கான அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், அதன்படி செய்யுங்கள். காரணத்தை மாணவரிடம் துருவிக் கேட்காதீர்கள். காப்பியடித்ததாகச் சந்தேகம் வந்தால் நீங்களாகத் தண்டிக்காமல், கல்லூரியின் நடைமுறை என்ன என்று துறைத் தலைவரைக் கேளுங்கள்.

செமஸ்டர் முடிவில் மாணவர் மதிப்பீடு மோசமாக வந்தால்?

கருத்துகளைப் படியுங்கள், எண்ணை மட்டும் வைத்து மனம் உடைய வேண்டாம். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், மாணவர்களைச் செய்ய வைக்கும் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். முயற்சி கேட்கும் வகுப்பு அப்படித்தான் தோன்றும். ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு விளக்கிவிடுங்கள்.

இறுதி வரை காத்திருக்கவும் வேண்டாம். நான்காவது வாரத்தில் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, எது உதவுகிறது, எது குழப்புகிறது என்று பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற மாட்டீர்கள் என்று அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.

அடுத்த முறையும் இதே பாடத்தைக் கேட்டு வாங்கலாமா?

கண்டிப்பாகக் கேளுங்கள். முதல் முறை போட்ட உழைப்பு பலன் தருவது இரண்டாவது முறையில்தான். அதற்காக ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எங்கே நேரம் போதவில்லை, எந்தக் கேள்வி வந்தது, எந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்று குறித்து வையுங்கள். மாலையில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும்.

பாடம் வேறு ஒருவருக்குப் போனாலும் அந்தக் கோப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் மதிப்பெண் முறை, தகவல் விதிகள், எதற்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற விவரங்கள் இருக்கட்டும். பாடக் குறிப்புகள் அதற்குப் பின்னால் வரட்டும்.